மின்னஞ்சல் ஒரு பக்கம், நாட்காட்டி ஒரு பக்கம்



ஷா ஆலமில் இருக்கும் சிலாங்கூர் மாநிலக் கல்வி இலாகாவிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்கு ஒரு தேதி, பெயர்ப்பட்டியல் அனுப்ப இன்னொரு தேதி. மின்னஞ்சலைப் படித்துவிட்டு அதே சாளரத்தில் நாட்காட்டிக்குப் போனால் கடிதம் மறைந்துவிடும். தேதியை மனசுலேயே தூக்கிட்டுப் போகணும். 8.30-ஆ, 3.30-ஆ என்று குழப்பம் வரும். நாள் தவறிப் பதிந்தால் தேர்வுப் பதிவின் கடைசி நாளே கைநழுவிப் போகலாம்.

2020 ஜூனில் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின் வழி, ஒரே அடையாளத்தில் கூகுள், மைக்ரோசாப்ட் சேவைகள் இரண்டும் கிடைக்கின்றன. கருவி கையில் இருக்கு. பக்கத்துப் பக்கத்தில் வைப்பதுதான் மீதி வேலை.

கூகுள் பயன்படுத்துவோர்:

1. ஜிமெயிலைத் திறந்து வைங்க.
2. கண்ட்ரோல் + என் அழுத்துங்க. புதிய சாளரம் வரும். அதில் கூகுள் நாட்காட்டியைத் திறங்க.
3. விண்டோஸ் விசையோடு வல அம்புக்குறியை அழுத்தினால் நாட்காட்டி திரையின் வலப் பாதிக்குப் போய்விடும்.
4. இடப்பக்கம் மற்ற சாளரங்கள் சிறிதாகத் தெரிந்தால் ஜிமெயிலைச் சொடுக்குங்க. தெரியாவிட்டால் ஜிமெயில் சாளரத்தில் விண்டோஸ் விசையோடு இட அம்புக்குறியை அழுத்துங்க.

அவுட்லுக் செயலியில் நாட்காட்டிச் சின்னத்தின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால், புதிய சாளரத்தில் திறக்கும் தெரிவு கிடைக்கும். பிறகு 3, 4-ஆம் படிகளைச் செய்தால் போதும். திரை சிறியதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆல்ட் + டேப் அழுத்தி மாறி மாறிப் பார்க்கலாம்.

தேதியைச் சரிபார்ப்பது எப்படி?

இலாகா கடிதத்தில் 5/6 என்றால் ஜூன் 5. கணக்கின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் நாட்காட்டி மாதத்தை முதலில் காட்டும். அங்கே 5/6 என்பது மே 6. அதனால் கிழமையையும் ஒப்பிட்டுப் பாருங்க. கடிதத்தில் 'காமிஸ்' என்று இருந்தால் நாட்காட்டியில் வியாழனாக இருக்கணும். இரண்டும் கண்ணெதிரே இருப்பதால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

தேதி மாற்றி இன்னொரு கடிதம் வந்தால் புதிய பதிவு போடாதீங்க. பழைய பதிவையே திருத்துங்க. இல்லாவிட்டால் இரண்டு தேதிகள் நிற்கும். தேர்வுத் தேதியும் மாறக்கூடியதுதான். கோவிட் காரணமாக 2020-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

மாணவர்களுக்கு:

கூகுள் வகுப்பறையில் ஆசிரியர் கடைசி நாள் குறித்துக் கொடுத்த பணிகள் உங்கள் கூகுள் நாட்காட்டியில் தானாகவே வரும். நாள் குறிக்காத பணி வராது. அதை நீங்களேதான் பதியணும். ஒரு சாளரத்தில் பாடம், இன்னொன்றில் நாட்காட்டி என்று வைத்து, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுங்க. தமிழ்மொழிக்கு எத்தனை வாரம், இலக்கியத்துக்கு எத்தனை வாரம் மிச்சம் என்பது தெளிவாகும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை:

வகுப்பில் புரொஜெக்டரை இணைக்கும்போது உங்கள் மின்னஞ்சலும் திரையில் தெரியலாம். மாணவரின் மதிப்பெண்ணோ குடும்ப விவரமோ அதில் இருக்கக்கூடும். விண்டோஸ் + பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தெரிவைத் தேர்ந்தெடுங்க. பாடச் சாளரத்தை மட்டும் பெரிய திரைக்கு நகர்த்துங்க. ஆசிரியர் அறைப் பொதுக் கணினியில், சாளரங்களை மூடினால் மட்டும் போதாது. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்க.