பருவச் சீட்டும் நமது போகமும்

1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. மண்ணை விட்டவர்களில் சிலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள், சிலர் குண்டசாலை, திகனப் பக்கம் ஒதுங்கினார்கள். வீட்டிலிருந்து வயலுக்கு நடந்த கால்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பழகின. நிலத்துக்கு நட்டஈடு எழுதினார்கள். பஸ் காசு எழுதியதாக நாம் கேள்விப்படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாடசாலை மாதம் 20 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 40 பயணம். கண்டிக்குக் கூலிவேலைக்குப் போகும் தகப்பனுக்கு 25 நாளில் 50. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதம் 130 தடவை நடத்துனரிடம் காசு நீட்ட வேண்டும். காசு குறைந்தால் வீட்டில் நிற்பது யார்? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான்.

பருவச் சீட்டு, நம் பேச்சில் 'சீசன்', இதற்குக் கைகொடுக்கும். இலங்கைப் போக்குவரத்துச் சபை தரும் மாணவர் சீட்டின் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. அதிபரிடம் கேட்டால் வழி சொல்வார். 2005இல் தொடங்கிய 'சிசு செரிய' பஸ்களில் அரைக் கட்டணம். ஆனால் சபையின் சீசன் சபையின் சிவப்பு பஸ்ஸுக்குத்தான் செல்லும். அதைத் தவறவிட்டுத் தனியார் பஸ்ஸில் ஏறினால் இரண்டாம் முறை காசு. ஆகவே சீசனுக்குப் பணம் கட்டுமுன் இரண்டு காலை உங்கள் சந்தியில் நின்று, எந்தச் சிவப்பு பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்திரியாவின் வியன்னா நகரம் 2012இல் வருடச் சீட்டை 365 யூரோவாகக் குறைத்தது. நாளுக்கு ஒரு யூரோ! 2025 முடியும்வரை அந்த விலை நீடித்தது. நமது சீசனோ மாதாமாதம் கட்டுவது. பெயரில் பருவம் இருக்கிறது, நமது போகத்தை அது பார்ப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். நெல்லையும் மிளகையும் நம்பியிருப்பவர் கையில் அறுவடைக் கிழமைகளில்தான் காசு புரளும். பெரும்போக நெல் விற்றதும் வருடச் சீட்டையோ அரைவருடச் சீட்டையோ வாங்க முடிந்தால், ஐப்பசி மழையில் தோடு அடகுக் கடைக்குப் போகாது.

கிராமச் சங்கங்கள் இதை டிப்போ முகாமையாளருக்கு எழுதிக் கேட்கலாம். சந்தியில் குறித்த பஸ் நேரங்களையும், எத்தனை வீட்டார் ஒரே தடவையில் பணம் கட்ட ஆயத்தம் என்பதையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.