ஒரு கூரைக்கு எத்தனை பனை?

யாழ்ப்பாணத்துப் பழைய ஓட்டு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால், கறுத்து மினுங்கும் பனஞ்சிலாகைகள் வரிசையாகத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் இவை கொழும்புக்கும் கப்பலேறின. அப்படியொரு கூரைக்கு எவ்வளவு மரம் எடுப்பது?

நீளம் 30 அடி, அகலம் 20 அடி, முகடு நடுவில் என்று வைப்போம். சுவரிலிருந்து முகட்டுக்குக் கிடையாக 10 அடி, உயரம் 6 அடி. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 136. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11.7. தாவாரத்துக்கு அதே சரிவில் கிடையாக இன்னும் 2 அடி விட்டால் சிலாகையின் நீளம் 14 அடி. 2 அடிக்கு ஒன்று வைத்தால் பக்கத்துக்கு 15 அல்ல, 16 வேண்டும். இரு முனையிலும் சிலாகை நிற்கவேண்டும் அல்லவா? மொத்தம் 32.

சிலாகைகளின் மேல் குறுக்கே அடிக்கும் ரீப்பையின் இடைவெளியை ஓடுதான் தீர்மானிக்கும். 1 அடி என்று கொண்டால் பக்கத்துக்கு 15 வரிசை, இரு பக்கமும் 30 வரிசை, 900 அடி. இந்த 900ஐ மட்டும் எழுதிக்கொண்டு மரக்காலைக்குப் போகக்கூடாது. ரீப்பையின் பொருத்து சிலாகையின் மேல்தான் விழவேண்டும். 10 அடி ரீப்பை கிடைத்தால் வரிசைக்கு 3, மொத்தம் 90, துண்டு மிஞ்சாது. 9 அடி ரீப்பை என்றால் ஒவ்வொன்றிலும் 8 அடிதான் பயன்படும். வரிசைக்கு 4, மொத்தம் 120, அதாவது 1,080 அடி. கூரை அதேதான், காசு மட்டும் கூடுகிறது. ஆகவே என்ன நீளத்தில் மரம் இருக்கிறது என்பதை முதலில் கேட்கவேண்டும்.

குற்றியாக வாங்கும்போது பனை வேறு கணக்குக் கேட்கும். பழைய முறையில், சுற்றளவின் கால்பங்கை வர்க்கித்து நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 14 அடி என்றால் 14 கன அடி. உருண்டை மரத்தின் உண்மைக் கனவளவு 18 கன அடிக்குக் கிட்ட. குறையும் பங்கு அரியும்போது போகும் சேதாரத்துக்கு. தேக்குக்கு இது பொருந்தும், அதன் வைரம் நடுவில் இருப்பதால். பனையில் எல்லாம் தலைகீழ். தேக்கைப்போல ஆண்டுதோறும் வளையம் வைத்துப் பருக்கும் மரமல்ல அது. உறுதி தரும் கறுத்த நார்க்கட்டுகள் வெளி ஓரத்தில் நெருங்கியும் நடுவில் ஐதாகவும் இருக்கும். நடுவில் வெறும் மென்மையான சோற்றி. அதே குற்றியில் வைரம் 2 அங்குலத் தடிப்பு என்றால் தேறுவது 8 கன அடிதான், அதுவும் பிளந்து செதுக்குமுன். பனையைக் கன அடிக்கு விலைபேசுவது வாங்குபவருக்கு நட்டம். இத்தனை சிலாகை என்று எண்ணிப் பேசுவதே நியாயம்.

கூடுதலாகச் சிலாகை எழுதினால் எங்கோ ஒரு பனை வீணாக விழும். முற்றிய வைரம் வர அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகள் வெட்டப்பட்டன. இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும்.

மரத்தைத் தெரிவுசெய்யும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வைரம் அங்கேதான் தடிப்பு. மேலே போகப்போக மெலியும். 14 அடிச் சிலாகையை அடியிலிருந்தே எடுக்கவேண்டும். வைரம் குறைந்த துண்டில் சோற்றியைத் தோண்டி எடுத்தால் தண்ணீர் ஓடப் பீலியாகும்.