இறங்கத் தெரிந்தவனே ஏறலாம்

யாழ்ப்பாணத்துக் குடும்பத்திற் பிறந்த எவருக்கும் துவிச்சக்கரவண்டியின் பெருமையை எடுத்துக் கூறவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதுவே வாகனம். 1990 இன் பின் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளிலே நெல் மூடையும் விறகுக் கட்டும் அதன் மேலேயே சென்றன. எழுந்து நடக்கமாட்டாத நோயாளியும் அதன் மேலேயே வைத்தியசாலைக்குச் சென்றார். அந்நாட்களையெல்லாம் வண்டி மிதித்துக் கடந்த எமக்கு, இவ்விடயத்திலே இனிக் கற்பதற்கு ஒன்றுமில்லை என்ற இறுமாப்பு இருந்ததை வாசகர்கள் மன்னிப்பார்களாக. அந்த இறுமாப்பு மாத்தளை மலைகளிலே எவ்வாறு உடைந்தது என்பதே இக்கட்டுரை.

நாம் பிறந்த ஊரின் வீதிகள் சமதரையில் ஓடுவன. அங்கே மணியை அடிப்பவர் பலர். பிறேக்கைப் பிடிப்பவர் சிலர். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாகவே நின்றுவிடும். எமது வண்டியோ இரும்பு றிம்மும், கம்பி வழியே இழுபடும் பழைய பிறேக்கும் பூண்ட கறுத்த வண்டி. அதனை நாற்பது ஆண்டுகளாகத் துடைத்து, எண்ணெயிட்டுப் பேணி வருகிறோம். சித்திரை விடுமுறையில் எமது தமக்கையாரின் மகன் வந்து, “மாமா, மாத்தளைக்குப் போய் ரிவர்ஸ்டன் மலைக்குச் சைக்கிளில் ஏறுவோமா?” என்று கேட்டபோது, நாம் இரண்டாம் யோசனையின்றி இசைந்தோம். யாழ்ப்பாணத்திலே நாம் கண்டி வீதி என்று அழைக்கும் அந்த வீதியே மாத்தளை நகரினூடாகவும் செல்கிறது. ஆகவே பழகிய வீதியின் மறுமுனைக்குப் போகிறோம் என்ற எண்ணமே எமக்கு இருந்தது. வண்டிகள் இரண்டையும் தெரிந்தவர் ஒருவரின் லொறியிலே ஏற்றி அனுப்பினோம்.

மாத்தளையிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டு இரத்தோட்டை வரை சென்ற வழி இன்பமானது. வீடுகள்தோறும் பலாவும் கமுகும் நிற்க, அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் அந்நிலத்துக்கு உரியவை. இரத்தோட்டையைக் கடந்தபின் வாகனங்கள் அருகின. வீதி ஒடுங்கி, வளைந்து, மரநிழலுக்குள்ளே புகுந்தது. எம் மூச்சும் ரயரின் ஓசையும் எங்கோ ஓடும் நீரின் ஒலியுமே கேட்டன. இத்தகைய வழியிலே மோட்டார் வண்டியிற் செல்பவன் மலையைப் பார்க்கிறான். துவிச்சக்கரவண்டியிற் செல்பவனோ அதன் ஒவ்வொரு மேட்டையும் தன் முழங்காலிலே உணர்கிறான்.

முழங்கால் விரைவிலேயே முறையிடத் தொடங்கிற்று. காரணத்தைக் கணக்கினால் விளக்கலாம். எமது வண்டியின் முன்பல்சில்லிலே 44 பற்கள், பின்னே 18. பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் செல்லும். சமதரையில் இது மிகவும் நன்று. ஏற்றத்திலோ, ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை தூரத்துக்கு உடலையும் வண்டியையும் மேலே தூக்கவேண்டியிருக்கிறது. மருமகனின் வண்டியிலே மிகச் சிறிய கியரில் முன்னும் பின்னும் 34 பற்களே. அதிலே ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்குச் சற்று மேல்தான் வண்டி நகரும். ஏறி முடிக்கும் உயரம் இருவருக்கும் ஒன்றே. அவன் அதனைச் சிறு சிறு கவளமாக உண்டான், நாம் பெருங் கவளமாக விழுங்க முயன்று விக்கினோம். வழியிற் பாதியை வண்டி எம்மைச் சுமந்து கடந்தது. மற்றப் பாதியை நாம் வண்டியைத் தள்ளிக் கடந்தோம்.

கியரை இகழ்ந்தவர்கள் எம்மைப் போன்றவர் மாத்திரமல்லர். பிரான்ஸ் தேசத்திலே சென்ற் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் தெ விவீ என்பவர், ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் 1887 முதல் துவிச்சக்கரவண்டிக்கென்றே ஒரு சஞ்சிகை நடத்தினார். நகருக்கு அருகே, ‘பெரிய காடு’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட வனத்தினூடாக 1,161 மீற்றர் உயரமுள்ள கணவாய்க்கு அவர் ஓயாது ஏறி இறங்கி, பல கியர்களைத் தாமே சோதித்து, மலைநாட்டுக்கு அவை இன்றியமையாதவை என வாதாடினார். ஒரே கியரோடு மல்லுக்கட்டுவதே ஆண்மை என்று அக்காலத்தில் நினைத்தவர் பலர். புகழ்பெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டியிலே சங்கிலியை இடம் மாற்றும் கியர்கள் அனுமதிக்கப்பட்டது 1937 இலேதான். அவர் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1930 இல், காலமாகிவிட்டார். பசிக்குமுன் உண்க, தாகத்துக்குமுன் பருகுக, வீம்புக்காக மிதியாதே என்பன அவர் சவாரி செய்வோர்க்கு விதித்த கட்டளைகளுட் சில. மூன்றாவது கட்டளையை நாம் அன்று காலையிலேயே மீறியிருந்தோம்.

மேலே செல்லச் செல்லத் தேயிலை ஒதுங்கி அடர்ந்த காடு வந்தது. மடக்கிய கைவிரல்களின் மொளிகளைப் போலச் சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் இம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் வழங்கும் பெயர் தும்பறை. 2000 ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது. மூக்கின் நுனியிலே இலை போன்ற உறுப்பைத் தாங்கிய ஓணான் ஒன்று இங்கே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. பெருமரங்களின் நிழலிலே ஏலம் பயிரிடுவதற்காக முன்னாளிலே கீழ்ச்செடிகளை வெட்டி அகற்றினர். அதனால் இளமரங்கள் முளைத்தெழ வழியின்றிக் காடு நலிந்தது. இதனை நாம் சொல்ல, மருமகன் வண்டியை நிறுத்தி வீதியோரத்தையே நெடுநேரம் பார்த்திருந்தான்.

கணவாயை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சி 1,400 மீற்றருக்குச் சற்று மேல். வீதி அதற்குக் கீழே கணவாயினூடாக அப்பாற் செல்கிறது. ஆளைத் தள்ளும் காற்று. ஒருபுறம் ஈரஞ் சொட்டும் மலைக்காடு. மறுபுறம் இறங்கினால் பிட்டவலப் புல்வெளி. இறங்கினால் மீண்டும் ஏறவேண்டுமே என்று அஞ்சி, அதனைப் பார்க்காமலே சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். சித்திரை மாதத்திலே மலைநாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். விடியற்காலை ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று பலர் கூறியிருந்தனர். வண்டி தள்ளியதிலே போன நேரம் திரும்பி வரவில்லை. உண்டு முடிக்குமுன்னே முதல் துளி விழுந்தது.

“மாமா, மழை விடட்டும்” என்றான் மருமகன். “இறக்கந்தானே தம்பி, மிதிக்கவே தேவையில்லை” என்று கூறி நாம் முன்னே புறப்பட்டோம்.

இறக்கம் என்பது என்னவென்று அப்பொழுதுதான் தெரிந்தது. வண்டியும் ஆளுமாக 80 கிலோகிராம் எடை 900 மீற்றர் உயரம் இறங்குமானால், ஏறக்குறைய ஏழு இலட்சம் யூல் சக்தி வெளிப்படும். இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதிலே ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை இரண்டு சோடிச் சிறு றப்பர்க் கட்டைகளே வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டும். இடைவிடாது அழுத்திப் பிடித்தால் றிம் சூடேறி ரியூப் வெடிக்கவுங் கூடும். மழையிலோ வேறோர் ஆபத்து. நனைந்த றிம்மின்மேல் நீர்ப்படலம் இருக்கும்வரை கட்டை வழுக்கும். பளபளக்கும் இரும்பு றிம்மிலே இது மிகக் கடுமை.

மூன்றாவது வளைவிலே பிறேக்கை இறுக்கினோம், வண்டி கேட்கவில்லை. மேலும் இறுக்கினோம்; வேகம் கூடிற்று. கீழேயிருந்து பஸ்ஸின் ஊதல் ஒலி கேட்டது. இடப்பக்கத்திலே பள்ளம், வலப்பக்கத்திலே மலையடியும் நீர் வாய்க்காலும். எதிரே எதுவும் வந்துவிடுமுன் வீதியைக் குறுக்கறுத்து, கைபிடியை மலைப்பக்கம் திருப்பி, வாய்க்காற் புல்லிலே விழுந்தோம். பஸ் எம்மைக் கடந்து மேலே சென்றது. முழங்கையிலே தோல் உரிந்ததன்றிப் பெருங்காயம் இல்லை. பின்னால் வந்த மருமகன் வெளிறிய முகத்தோடு ஓடிவந்து எம்மைத் தூக்கினான். அவன் சிரிக்கவில்லை. எமது பிறேக் கட்டைகளை விரலாற் தடவிப் பார்த்துவிட்டு, “மாமா, இவை கல்லாகிப் போய்விட்டன” என்று மாத்திரம் கூறினான். நாற்பது ஆண்டுகள் வண்டியைத் துடைத்த கை, அக்கட்டைகளைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மீதி வழியை நடந்தே இறங்கினோம். தனக்கு ஏற வல்ல வண்டி இருந்தும் மருமகனும் எம்மோடு நடந்தான். தேயிலைத் தோட்டத்தருகே இருந்த தேநீர்க்கடையிலே, முன்னர் லொறி ஓட்டிய முதியவர் ஒருவர் எம் கோலத்தைக் கண்டு விசாரித்தார். “ஐயா, பாரத்தோட போற லொறியே ஏறுன கியர்லதான் எறங்கணும். சைக்கிளுக்கு அதுவும் இல்ல. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சிறணும், வளைவுல வந்து கொறைக்கிறது இல்ல” என்றார். நாம் நூல்களிற் படித்த யாவும் அவ்விரு வார்த்தைகளுக்குள் அடங்கிவிட்டன.

மலைவழிச் சவாரியை விரும்பும் மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் நாம் கூறக்கூடியது இதுவே. புறப்படுமுன் பிறேக் கட்டையின் மென்மையையும் கம்பியின் இறுக்கத்தையும் ரயரையும் பாருங்கள். முன் பிறேக்கே வண்டியைப் பெரிதும் நிறுத்துவது. ஆயினும் அதனைத் திடீரெனப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும். இரண்டையும் ஒருங்கே, விட்டு விட்டுப் பிடியுங்கள். மழை பெய்தால் வெகு முன்னரே மெல்லப் பிடித்து றிம்மின் நீரைத் துடையுங்கள். ஐயமேற்பட்டால் இறங்கி நடவுங்கள், நடப்பது இழுக்கன்று.

ஊர் திரும்பியதும் எமது வண்டிக்குப் புதிய கட்டைகள் பூட்டினோம். பூட்டியவன் மருமகன், பக்கத்திலே குந்தியிருந்து பார்த்தவர் நாம். வரும் ஆண்டிலே பிட்டவலப் புல்வெளியையும் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். அவன் முன்னே செல்வான்; நாம் பின்னே செல்வோம்.