பசியின் பூட்டும் புதிய சாவியும்

"வாயைக் கட்டினால் உடம்பு தானாக மெலியும்!" கண்டியிலும் அக்குறணையிலும் கல்யாண வீட்டுப் பந்திகளில் பருத்த உடல்வாகுள்ள சகோதரிகள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் பசி மனவுறுதியை மட்டும் பொறுத்ததல்ல என்பதை மருத்துவம் இன்று நன்கறியும்.

நாம் உண்டதும் குடலில் ஜீ.எல்.பி.-1 என்ற ஹோர்மோன் சுரக்கிறது. மூளையிலும் கணையத்திலும் அதற்கென 'ஏற்பிகள்' இருக்கின்றன. ஏற்பி பூட்டு என்றால் ஹோர்மோன் சாவி. சாவி பொருந்தியதும் "போதும்" என்ற உணர்வு வருகிறது. இயற்கைச் சாவி சில நிமிடங்களில் அழிந்துவிடும். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசியோ பல நாட்கள் வேலை செய்யும். உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் இதை 68 வாரங்கள் பாவித்தோரின் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறியது.

அதற்காக எடை குறைக்கும் மருந்தெல்லாம் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. பசியைத் தூண்டும் வேறோர் ஏற்பியை அடைத்த ரிமோனபாண்ட் மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அதே ஏற்பிக்கு மனநிலையோடும் தொடர்பிருந்தது. பாவித்தோரில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் ஏற்பட்டதால் 2008இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

புதிய ஊசியிலும் கவனம் தேவை. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி சிலருக்கு வரலாம். கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுவோர் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சீனி வியாதிக்கு இன்சுலினும் போடுபவர்கள் நோன்புக்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும். ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் ஆய்வு காட்டியது.

இன்னோர் ஆபத்து, போலி ஊசி. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது. வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் கொண்டு வந்தார், இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று எதையும் உடம்பில் ஏற்றாதீர்கள்.

சகோதரிகளே, முதலில் ஓர் அளவு நாடாவை எடுங்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றருக்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் சுகவாழ்வு நிலையங்களில் எடையும் இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கலாம். மருந்து வேண்டுமா என்பதை அதன்பின் வைத்தியர் சொல்லட்டும். அதுவரை, பருத்தவரைப் பந்தியில் பரிகசிப்பதையாவது நாம் நிறுத்துவோம்.