ஊர்ப்பெயர் எழுத்து வேறுபாடுகளும் சுருங்குறித்தொடர்வழிப் பதிலீடும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்

விருதுநகர் மாவட்டத்தின் அண்டை ஊர்களான இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவற்றின் பெயர்கள் ஒரே வடிவில் வழங்குவதில்லை. இராஜபாளையம், ராஜபாளையம் எனவும், ஸ்ரீவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர் எனவும் அவை எழுதப்படுகின்றன. மின்தரவில் ஒரு வடிவத்தை மட்டும் தேடிப் பெறும் எண்ணிக்கை குறைவுடையது. வடிவங்களை ஒருங்கிணைக்கச் சுருங்குறித்தொடர், அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், வழியான பதிலீடு உதவும். ஆயின் குறிமுறை வேறுபாட்டையும் எழுத்துவழக்கு வேறுபாட்டையும் ஒன்றெனக் கொண்டால் அதுவே தரவைச் சிதைக்கும்.

குறிமுறை வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாதது. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் தமிழுக்கு ஶகரம் சேர்க்கப்பட்டது. அதன்பின் 'ஸ்ரீ' என்பதை ஸகர மெய்யைக் கொண்டும் ஶகர மெய்யைக் கொண்டும் உள்ளிட முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே இடப்பட்ட ஒகரத்தை ஒரே குறியாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் இவ்விரு ஸ்ரீயையும் ஒன்றாக்குவதில்லை. இணையப் பக்கங்கள் சிலவற்றில் 'தூ' என்பது உகரக் குறியும் காலுமாக, 'துா' எனப் பதிவாகியிருப்பதும் இவ்வகையினதே. அவ்விரு குறிகளும் தமிழில் அடுத்தடுத்து வாரா. ஆகவே அவற்றை ஊகாரக் குறியாக்கும் விதியைத் தரவு முழுமைக்கும் அச்சமின்றி இயக்கலாம்.

எழுத்துவழக்கில் அத்துணிவு ஆகாது. ராகாரத்துக்கு முன்வரும் இகரத்தை எங்கும் நீக்கினால் 'இராது' என்னும் வினைமுற்று 'ராது' ஆகும். 'ஸ்ரீ' அனைத்தையும் 'திரு' ஆக்கினால் ஸ்ரீனிவாசன் 'திருனிவாசன்' ஆவார். எனவே விதி ஊர்ப்பெயரின் அடியோடு பிணைந்திருத்தல் வேண்டும்:

இ?ரா[சஜ]பாளைய

வினாக்குறி, இகரம் இருப்பினும் இல்லாவிடினும் பொருந்தும் என்பதையும், சதுர அடைப்பு, சகர ஜகரங்களுள் ஒன்று என்பதையும் உணர்த்தும். பொருந்தியதை 'இராசபாளைய' என மாற்றினால் போதும். 'இராஜபாளையத்தில்' என வேற்றுமை ஏற்கையில் இறுதி மகரம் கெடுமாதலால் அது விதியில் இடம்பெறவில்லை. 'புத்தூர்' என்பதையும் புள்ளியின்றி ரகரத்தோடு நிறுத்தினாலே 'புத்தூரில்', 'புத்தூருக்கு' என்பன அகப்படும். புள்ளி தனிக் குறியாதலால், ஸகர ஶகரங்களை அடைப்பினுள் இடும்போது அதனை வெளியே வைத்தல் வேண்டும்.

பைத்தான் மொழியோடு வரும் தொகுதியின் சொல்லெல்லைக் குறியும் தமிழுக்கு ஏற்றதன்று. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது சொல்லெழுத்தாகக் கொள்ளாது. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' எனத் துண்டுபடும்.

மூலச் சரத்தை ஒரு புலத்திலும் ஒருங்கிணைத்த வடிவத்தை வேறொரு புலத்திலும் வைப்பதே முறை. நூல்முகப்பில் 'ஸ்ரீ' என அச்சிடுவதும் 'திரு' என அச்சிடுவதும் பதிப்பித்தவரின் தேர்வு. தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தை ஆராய்வோருக்கு அந்த வேறுபாடே சான்று.