சனியின் வளையங்கள்: மறுபக்கத்தில் கறுப்புக்கு இரண்டு பொருள்

இன்றிரவு வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பழைய பெட்டி அட்டையில் வரிசையாக மூன்று சன்னல்கள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சன்னலைத் தடித்த வெள்ளை அட்டையால் மூடுங்கள். இரண்டாவதை ஒற்றை டிஷ்யூ தாளால் மூடுங்கள். மூன்றாவதைத் திறந்தே விடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் விளக்கை அடியுங்கள்.

ஒளி விழும் பக்கத்தில் நின்று பார்த்தால், வெள்ளை அட்டை பளிச்சென்று தெரியும். டிஷ்யூ சற்று மங்கலாகத் தெரியும். திறந்த சன்னல் கறுப்பாக இருக்கும்.

இப்போது மறுபக்கம் வாருங்கள். டிஷ்யூ மென்மையாக ஒளிரும். திறந்த சன்னல் அப்போதும் கறுப்புதான்; அதன் வழியே வரும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராமல் சாய்வாக விலகிப் போய்விடுகிறது. ஆனால், சற்று முன் பளிச்சென்று இருந்த வெள்ளை அட்டையும் இப்போது கறுத்துவிட்டது!

கறுப்பாக இரண்டு சன்னல்கள். ஒன்றில் எதுவுமே இல்லை. மற்றொன்றில் ஒளியை விடாத அளவுக்குப் பொருள் இருக்கிறது. பார்த்தவுடன் எது எது என்று சொல்ல முடியுமா? சனிக் கோளின் வளையங்களை மறுபக்கத்திலிருந்து படம் எடுத்த விண்கலங்களும் இதே புதிரைத்தான் அனுப்பி வைத்தன.

பூமியிலிருந்து தெரியாத பக்கம்

சனியின் முதன்மை வளையங்கள் ஏறத்தாழ 270,000 கிலோமீட்டர் அகலம் கொண்டவை. ஆனால், பெரும்பாலான இடங்களில் அவற்றின் தடிமன் சில பத்து மீட்டருக்குள்தான். அவை முழுத் தட்டுகள் அல்ல. கோளைச் சுற்றிவரும் எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகள். மணல் துகள் அளவிலிருந்து வீடு அளவு வரை அவற்றில் உண்டு.

இந்த மெல்லிய வட்டத்தின் ஒரு முகத்தில்தான் எந்த நேரத்திலும் சூரிய ஒளி நேரடியாக விழும். பூமியிலிருந்து நாம் காண்பதும் பெரும்பாலும் அதே முகத்தைத்தான். காரணம் எளிது. சனி சூரியனிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், பூமி சூரியனைவிட்டு ஏறத்தாழ 6 பாகைக்கு மேல் விலகித் தெரியாது. சூரியன் பார்க்கும் பக்கத்தையே நாமும் பார்க்கிறோம். ஒளி விழாத பக்கத்தை நன்றாகக் காண வேண்டுமென்றால், அங்கேயே போக வேண்டும்.

தலைகீழான படம்

முதலில் போனது பயனியர் 11. 1979 செப்டம்பர் 1ஆம் தேதி அது சனியைக் கடந்து சென்றது. நெருங்கும்போதே வளையங்களின் ஒளி விழாத முகத்தைக் கண்டது. அது அனுப்பிய படங்கள், பழைய புகைப்படச் சுருளின் நெகட்டிவ் போல் இருந்தன.

பூமியிலிருந்து பார்க்கும்போது மிகவும் பிரகாசமானது நடுவிலுள்ள பி வளையம். படங்களில் அது இருண்டு கிடந்தது. அதற்கு உட்புறம் உள்ள சி வளையம் நமக்கு எப்போதும் மங்கலாகத் தெரிவது. அது ஒளிர்ந்தது. பி வளையத்துக்கும் ஏ வளையத்துக்கும் நடுவே 4,800 கிலோமீட்டர் அகலத்துக்குக் கறுப்புப் பட்டையாகத் தெரிவது கேசினி இடைவெளி. 1675ஆம் ஆண்டு வானியலாளர் கேசினி கண்டறிந்த அந்த 'இடைவெளி'யும் ஒளிர்ந்தது.

உங்கள் மூன்று சன்னல்களை நினைத்துக்கொள்ளுங்கள். பி வளையம் தடித்த அட்டை. துகள்கள் அங்கே நெருக்கமாக இருப்பதால் ஒளி மறுபக்கம் வர முடிவதில்லை. சி வளையமும் கேசினி இடைவெளியும் டிஷ்யூ தாள். துகள்கள் குறைவாக இருப்பதால் ஒளி உள்ளே நுழைந்து, சிதறி, மறுபக்கம் வருகிறது. ஆக, கேசினி இடைவெளி காலியான இடம் அல்ல. 300 ஆண்டுகளாகக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் பொருள் இருந்தது. அதைப் பளிச்சென்று காட்டியது ஒளி விழாத பக்கம்தான்.

எந்தக் கறுப்பு எது?

மூன்றாவது சன்னலும் உண்டு. ஏ வளையத்தில் உள்ள என்கே இடைவெளி 325 கிலோமீட்டர் அகலம் கொண்டது. பேன் என்ற சிறு நிலவு அதன் நடுவே சுற்றுகிறது. சில மெல்லிய இழைகளைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் இல்லை. மறுபக்கத்துப் படத்தில் அதுவும் கறுப்பு, பி வளையமும் கறுப்பு.

இவற்றைப் பிரித்தறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இரு பக்கங்களையும் படம் எடுத்து ஒப்பிடுவது. இரு பக்கத்திலும் கறுப்பு என்றால் காலி இடம். ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் கறுப்பு என்றால் அடர்த்தியான இடம். 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய கேசினி விண்கலம், வளையங்களின் இரு முகங்களையும் பல முறை பார்த்தது.

இரண்டாவது வழி, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனிப்பது. காலி இடத்தின் வழியே அது மங்காமல் தெரியும். டிஷ்யூ போன்ற இடத்தில் சற்று மங்கும். பி வளையத்தின் மிக அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னால் போனதும் ஏறக்குறைய மறைந்தே போகும்.

சூரியனைப் பின்னால் வைத்து

மாலையில் மேற்கு நோக்கிக் கார் போகும்போது, அதுவரை கண்ணில் படாத தூசியெல்லாம் முன்கண்ணாடியில் திடீரென ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மிக நுண்ணிய துகள்கள், தம்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் அது சென்ற திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. ஒளிமூலத்தை எதிர்நோக்கிப் பார்ப்பவருக்குத்தான் அவை நன்கு தெரியும்.

2006 செப்டம்பர் 15ஆம் தேதி கேசினி இந்த உத்தியைப் பயன்படுத்தியது. சுமார் 12 மணி நேரம் அது சனியின் நிழலுக்குள் இருந்தது. சூரியனைக் கோளே மறைத்துக்கொண்டதால், கேமராவுக்கு ஆபத்து இல்லாமல் சூரியன் இருந்த திசையைப் படம் எடுக்க முடிந்தது. புகை போன்ற நுண்துகள் வளையங்கள் படத்தில் எழுந்து நின்றன. ஜேனஸ், எபிமீத்தியஸ் ஆகிய இரு சிறு நிலவுகளின் பாதையில், அதுவரை யாரும் அறியாத மெல்லிய வளையம் ஒன்றும் தெரிந்தது.

2013 ஜூலை 19ஆம் தேதி மீண்டும் அதே போன்ற வாய்ப்பு வந்தது. இம்முறை 1.4 பில்லியன் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு நீலப் புள்ளியும் பதிவானது. அது நம் பூமி.

அடர்த்தி என்றால் எடையா?

ஒளியை விடாத பி வளையத்தில் பொருளும் மிக அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் பலரும் எண்ணினர். ஆனால், வளையத்தில் எழும் சுருள் அலைகளைக் கொண்டு அதன் பொருண்மையைக் கணித்த ஓர் ஆய்வு, 2016ஆம் ஆண்டு வேறு விடை தந்தது. மிகவும் இருண்டு தெரியும் பகுதிகளில் அதற்கேற்ற அளவுக்குக் கூடுதல் பொருள் இல்லை. ஒரு குடம் நீரும் ஒரு குடம் பாலும் ஏறக்குறைய ஒரே எடைதான். ஆனால் பாலின் வழியே மறுபக்கம் தெரியாது அல்லவா?

2017ஆம் ஆண்டு, கேசினி தன் இறுதிச் சுற்றுகளில் கோளுக்கும் வளையங்களுக்கும் நடுவே 22 முறை பாய்ந்து சென்று, வளையங்களின் ஈர்ப்பை அளந்தது. மொத்தப் பொருண்மை, மைமாஸ் என்ற சிறு நிலவினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான்.

இந்த எண் ஏன் முக்கியம்? விண்வெளித் தூசி பனிக்கட்டியைக் காலப்போக்கில் அழுக்காக்கும். பொருண்மை குறைந்த வளையம் விரைவில் கறுத்துவிடும். சனியின் வளையங்களோ இன்னும் வெண்மையாக இருக்கின்றன. எனவே அவை சில நூறு மில்லியன் ஆண்டுகளுக்குள் தோன்றியிருக்கலாம் என்கின்றனர் ஒரு சாரார். சூரியக் குடும்பத்தைப் போலவே அவையும் பழைமையானவை, தூசி அவற்றில் தங்குவதில்லை என்கின்றனர் மறுசாரார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

பூமியிலிருந்தும் சில வேளைகளில் அந்த மறுபக்கம் நம்மை நோக்கித் திரும்பும். 2025 மார்ச் 23ஆம் தேதி பூமி வளையங்களின் தளத்தைக் கடந்தது; சூரியன் மே 6ஆம் தேதிதான் கடந்தது. நடுவில் இருந்த ஆறு வாரங்களில் ஒளி விழாத முகம் நம் பக்கம் இருந்தது. அப்போது சனி வானில் சூரியனுக்கு அருகில் இருந்ததால் பார்ப்பது கடினமாகிவிட்டது. அடுத்த வாய்ப்பு 2038ஆம் ஆண்டின் இறுதியில் வரும். அதுவரை, மூன்று சன்னல் வைத்த அந்த அட்டையை எடுத்து வையுங்கள்.