சோற்றைக் குறைப்பதா, கணக்குப் பார்ப்பதா?

பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயக் குட்டைகளும் நிறைந்த ஊர். விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்கள் சாப்பிட்ட சோறு, மதியத்திற்குள் உழைப்பிலேயே கரைந்துவிடும். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் காரில் உட்கார்ந்து நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து, அலுவலகத்திலும் நாள் முழுவதும் உட்காருகிறார்கள். வேலை மாறிவிட்டது. தட்டில் விழும் சோறு மட்டும் மாறவில்லை.

இதன் விளைவைச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தனர். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019 ஆய்வின்படி இந்தியர்களில் பத்தில் மூவருக்கு இனிப்புநீர் நோய். ஆகவே எடையைக் குறைப்பது நம்மவர்களுக்கு அழகுக்கான விஷயம் மட்டுமல்ல.

எடை குறைக்க இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது, கலோரி கணக்கு. கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு. செலவாவதைவிட அதிகம் உள்ளே போனால், மீதி கொழுப்பாகச் சேரும். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. காலைப் பசியாறலுக்கு இரண்டு ரொட்டி என்றால் 600. அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் கணக்கு தனி. குடிப்பதை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. ஏமாறுவது அங்கேதான்.

இரண்டாவது, மாவுச்சத்தைக் குறைப்பது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி எடை குறைந்த கதையை 1863-லேயே சிறு நூலாக எழுதினார். சோறு குறைந்து முட்டை, மீன், கோழி, பருப்பு கூடும்போது பசி சீக்கிரம் அடங்கும். ஆனால் முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடல் சேமித்த மாவுச்சத்தோடு ஒட்டியிருந்த நீர் வெளியேறுகிறது. அதைக் கண்டு மகிழ்வதும், பிறகு வேகம் குறைந்ததும் மனம் தளர்வதும் தேவையில்லை.

இரண்டில் எது சிறந்தது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு குழு கொழுப்பைக் குறைத்தது, மற்றொன்று மாவுச்சத்தைக் குறைத்தது. ஓராண்டில் முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாவது குழு 6 கிலோவும் குறைந்தன. பெரிய வித்தியாசமில்லை. விடாமல் கடைப்பிடிக்கக்கூடிய வழியே நல்ல வழி.

ஆனால் நம் தட்டில் கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களின் உணவுச் சக்தியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது. சோற்றுக்குப் பதில் அதே அளவு சப்பாத்தி சாப்பிடுவது ஆபத்தைக் குறைக்கவில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, தயிர் போன்ற புரதம் வந்தால்தான் பலன். 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சுகாதார அமைச்சு சொல்வதும் இதைத்தான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். இதற்குத் தராசும் வேண்டாம், கணக்குப் புத்தகமும் வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இன்சுலின் ஊசி அல்லது கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளினிக்கில் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

தாத்தா சாப்பிட்ட அளவு தவறல்ல. அவர் அதற்கேற்ப உழைத்தார். இன்று உழைப்புக்கேற்ற அளவைத் தட்டில் வைப்பதே அவர் நடந்த வழியில் நடப்பதாகும்.